ஈரச் சுவர் குறித்து

1973, அக்டோபர் 14
மன்னித்துவிடு நேல்யா, இந்த நேரத்தில் விளக்கைப் போட்டிருக்கிறேன். இருமி இருமி இப்போதுதான் கண்ணயர்ந்தாய். உன் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறேன். சுவரைத் தொட்டால் கை நனைகிறது. வேறு அறை கேட்டுப் போனால், குடியிருப்பு அலுவலகத் தலைவர் ஸவேலி குஸ்மிச் இந்தத் தடவையும் கையை விரித்துவிட்டார். அதனால் அவர் தலைக்கு மேலே, மாகாணக் குழுவுக்கே எழுதிவிட்டேன். அவர் பெயரைப் போட்டே.

உன் அப்பாவுக்குப் பயம். "பேரை எதுக்குப் போட்டே ரிம்மா? பொதுவா எழுதியிருக்கலாம்ல?" என்கிறார் க்ளெப்.

அக்டோபர் 30
பதில் இல்லை.

நவம்பர் 21
ஸவேலி குஸ்மிச் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் என் கடிதம். நான் எழுதிய அதே கடிதம்! மூலையில் மாகாணத்தாரின் குறிப்பு: "உரிய நடவடிக்கைக்கு." யார்மேல் புகாரோ அவரிடமே விசாரிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

"பிரமாதமா எழுதுறீங்க ரிம்மா பாவ்லொவ்னா. கல்நெஞ்சக்காரன்னு என்னைத்தானே சொல்றீங்க? என் வீட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டினேன். சரியாத்தான் எழுதியிருக்காங்கன்னுட்டா." சிரித்தார். "ஆள் அனுப்பறேன். சுவரைப் பார்க்கட்டும்."

டிசம்பர் 9
மூன்று பேர் வந்தார்கள். அதுவும் இந்தக் கடுங்குளிரில். ஈரமெல்லாம் உறைந்து சுவர் பளபளவென்றிருந்தது. ஒருத்தி விரலால் தடவினாள். "காய்ஞ்சுதானே இருக்கு?"

"அது பனிங்க! உறைஞ்சு கிடக்குங்க, தெரியலையா?" — கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

"கை நனையலையேம்மா."

ஈரம் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பொதுச் சமையலறையில் பக்கத்து அறை ஃபைனா சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த மனுவை வசந்தத்துல, பனி உருகுறப்ப போடுடி, படிச்சவளே. அப்பத்தான் சுவர் சாட்சி சொல்லும்."

1974, ஜனவரி 17
நேல்யாவுக்கு மறுபடியும் நுரையீரல் அழற்சி. இந்த அறையில் வைத்திருந்தால் தேறமாட்டாள் என்று மருத்துவர் காட்டுப்பக்கத்து அரசுச் சானடோரியத்துக்கு, நுரையீரல் நோயுள்ள குழந்தைகளின் விடுதிக்கு, எழுதிக்கொடுத்தார். தொலைதூரம். தாய்மார் தங்கக் கூடாது. ரயிலடிக்கு அங்கிருந்து ஒரு செவிலி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். நேல்யா அழவில்லை. அழுதிருக்கலாம்.

பிப்ரவரி 20
மாகாணத்திலிருந்து பதில் வந்துவிட்டது. முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக. குழந்தை அரசுப் பராமரிப்பில் இருப்பதால் மீதி இருவருக்கும் இந்த அறை போதுமாம். வேறு அறைக்குக் காத்திருப்போர் வரிசையிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

"மாஸ்கோவுக்கு எழுதட்டுமா?" என்றேன்.

"எழுதேன். அதுவும் குஸ்மிச் மேசைக்குத்தான் வரும்." க்ளெப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார்.

மார்ச் 3
மாஸ்கோவுக்கு எழுதவில்லை. இன்று எழுதியது இதுதான்:

"மரியாதைக்குரிய செவிலி அவர்களுக்கு, இது புகார் அல்ல. நேல்யாவுக்குக் கஞ்சியில் ஆடை படிந்தால் பிடிக்காது, எடுத்துவிட்டால் சாப்பிட்டுவிடுவாள். இரவில் இருமுகிறாளா? எங்களைக் கேட்கிறாளா? கேட்பதை நிறுத்திவிட்டாள் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்."