அட்டைப்பெட்டிக்கு வேறு ஆள்

மார்ச் 4
எங்கள் மருந்துக் கம்பெனியில் புது மென்பொருள் இன்று வந்து உட்கார்ந்துவிட்டது. பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி — எதை யாரிடம் எப்போது வாங்குவது என்று இனி செயற்கை நுண்ணறிவு யோசனை சொல்லும். கொள்முதல் பிரிவில் நான் அதைக் கேட்டு நடக்க வேண்டும். முதல் நாளே எல்லாரும் அதன் மனம் கோணாமல் நடந்துகொள்வதைப் பார்த்து, கணக்காளர் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார். மேனேஜர்கூடச் சிரித்தார்.

மார்ச் 11
மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான். மூடி தீரப்போகிறது என்று எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். இல்லாவிட்டால் மருந்து நிரப்பும் வேலையே நின்றிருக்கும்.

மார்ச் 19
மென்பொருள் சப்ளையர்களுக்கு, எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஏற்ப, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு அட்டைப்பெட்டி செய்து தரும் அத்தான், என் அக்கா கணவர், பட்டறை மஞ்சள். அடிக்கடி தாமதமாம். பொய் இல்லை. அத்தான் நெஞ்சுவலியில் படுத்ததிலிருந்து அக்காதான் வீட்டையும் பார்த்து மெஷினையும் ஓட்டுகிறாள். அவர்கள் என் சொந்தம் என்று மேனேஜருக்குத் தெரியும். "தெரிஞ்ச காரணத்தை எல்லாம் குறிப்புல எழுதிடுங்க. அது படிச்சுப் புரிஞ்சுக்கும்" என்றார்.

எழுதினேன். 'உரிமையாளருக்கு இதய நோய், ஓய்வில் இருக்கிறார். மனைவி தனியாக நடத்துகிறார். நிலைமை விரைவில் சீராகும்.' எழுதியதும் மனசு லேசாகிவிட்டது. காரணம் தெரிந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளாதா?

மார்ச் 20
சிவப்பு.

மார்ச் 21
விளக்கமும் போட்டிருக்கிறது. 'ஒரே ஒருவரின் உடல்நலத்தை நம்பி இயங்கும் நிறுவனம். ஆர்டர்களை வேறு சப்ளையருக்கு மாற்றலாம்.' நான் எழுதியதைத்தான் திருப்பிச் சொல்கிறது. சீராகும்னும் எழுதினேனே — அதை ஏன் விட்டது?

ரெண்டு மாசம் பார்க்கலாமே சார் என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"அக்காங்கறதால கேக்கறீங்க, புரியுது. ஆனா அது தப்பா ஒண்ணும் சொல்லலையே?"

தப்பாகச் சொல்லவில்லைதான். ஆர்டரை மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டியதும் நான்தான். போட்டேன்.

மார்ச் 24
கம்பெனியிலிருந்து தகவல் போகுமுன் நானே நேரில் சொல்லிவிடலாம் என்று பட்டறைக்குப் போனேன். அக்கா பசைக் கையோடு வந்தாள். மென்பொருள் சொன்ன காரணத்தை முழுக்கக் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அவருக்கு ஹார்ட்னு அதுக்கு யார் சொன்னது?"

நான்தான் என்றேன்.

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தியே. அங்க பார்த்ததையா எழுதின?"

நல்லதுக்குத்தான்க்கா எழுதினேன். நல்லதுக்குத்தான். எத்தனை தடவை சொன்னேன்னே தெரியல. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. படுத்த இடத்திலிருந்து அத்தான் குரல் கொடுத்தார்: "அவளை வெறும் வயித்தோட அனுப்பாதே."

அக்கா திரும்பி உள்ளே போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் வரவில்லை.

ஏப்ரல் 2
அக்கா போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 9
இன்றும் எடுக்கவில்லை. என் கணவர் கூப்பிட்டால் உடனே எடுக்கிறாள். "நல்லாத்தான் பேசறாங்க. உன்னைப் பத்தி மட்டும் கேக்கல" என்றார்.

மே 15
புது இடத்திலிருந்து பெட்டிகள் சொன்ன நாளுக்கு வந்து இறங்குகின்றன. சொந்தபந்தம் பார்க்காமல் முடிவெடுத்தேன் என்று மேனேஜர் மீட்டிங்கில் என்னைப் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். கணக்காளர் மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆர்டர் இல்லாமல் அத்தான் பட்டறையை மூடிவிட்டார்களாம். மெஷினையும் விற்றாயிற்றாம். கணவர் சொல்லித்தான் தெரியும்.

ஜூன் 26
மேனேஜரோடு, இப்போது எங்களுக்குப் பெட்டி தரும் தொழிற்சாலையைப் பார்க்கப் போயிருந்தேன். பெரிய இடம். கத்திப் பேசினால்தான் காதில் விழும், அவ்வளவு இரைச்சல். ஒட்டும் பிரிவில் பெண்கள் வரிசையாக, தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். சூப்பர்வைசர் ஒருத்தரைக் காட்டி, "புதுசா சேர்ந்தவங்க. கை என்ன வேகம் பாருங்க" என்றார்.

கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் வேலையை நிறுத்தி எழுந்து நின்றாள்.

"வணக்கம் மேடம்."

மேனேஜர் அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிட்டார். அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை.

நானும் வணக்கம் என்றேன்.