குழந்தை யேசுவுக்குக் குளிருமென்று

அன்பு மருமகள் றூபினிக்கு,

அன்பு என்று எழுதியது வழக்கத்துக்காக மட்டுமே. என் கோபத்தில் லண்டனின் இந்த எட்மண்டன் முழுவதும் இந்தக் குளிர்காலத்தை ஹீற்றர் இல்லாமல் கழிக்கலாம்.

உன் கலியாணத்துக்கு முதல்நாள் மாலை, உன் தோட்டத்துச் செடிக்குக் கீழே குழந்தை யேசுவின் சுரூபம் நின்றது. தலையில் கிரீடம், கையில் உலக உருண்டை, காலடியில் சேறு! மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவன் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவானா? "ஆரடா ஆண்டவரைக் குளிருக்குள்ள விட்டது?" என்று கத்தி, உள்ளே கொண்டுபோய், என் சால்வையால் துடைத்து, மெழுகுதிரியும் ஏற்றினேன்.

மறுநாள் தேம்ஸ் நதியே எழுந்து உன் கலியாணத்துக்கு வந்தது. ஒத்துக்கொள்கிறேன். அயர்லாந்துக் கிராமங்களில் கலியாணத்தன்று மழை வராதிருக்க அந்தச் சுரூபத்தை முதல்நாளே வெளியில் வைப்பார்களாம். உன் ஐரிஷ் மாமியார் நோரா அதற்காகத்தான் வைத்தாராம். எனக்கு ஆர் சொன்னது?

நீயோ நனைந்த முக்காட்டோடு, கோயில் வாசலில், எல்லாருக்கும் முன்னால், "மாமா, இனி என்ர வீட்டுப் பக்கம் வராதேங்கோ" என்றாய். லண்டனில் மழை பெய்ததற்கு நானா குற்றவாளி? மேகங்களை நானா மேய்க்கிறேன்? நோராவே விழுந்து விழுந்து சிரித்து மன்னித்துவிட்டார். நீ இன்னும் போன் எடுக்கிறாயில்லை.

வருகிற ஞாயிறு எனக்கு அறுபது வயதாகிறது. உன்னை நான் அழைக்கவில்லை. நோராவிடம் அந்தச் சுரூபத்தை இரவல் வாங்கி, இன்றைக்கே என் தோட்டத்தில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

குடை கொண்டு வராதே.

கோபம் ஆறாத,
உன் மாமா