பாட் லிமிட்டில் கவிழ்த்த ஏஸும் இரண்டும்

ரவுண்ட் ராக், டெக்சஸ்
ஏப்ரல், சனிக்கிழமை மதியம்

அன்புள்ள மூர்த்திக்கு,

வான்மதி எழுதுவது. நானும் மானஸாவும் நலம். உன் நலத்தை நீ போனில் சொல்வதை வைத்து நம்பிக்கொள்கிறேன். ஒரே வகுப்பில் படித்த பழக்கத்தில் 'நீ' என்றே எழுதுகிறேன். அத்தை முன்னால் பேசும் 'நீங்க' எனக்குக் காகிதத்தில் வரவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போன் பண்ணினால் "ஒரு நிமிஷம் மதி, இன்னொரு கால் வருது" என்கிறாய். மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. தபாலில் வந்த கடிதத்துக்கு அதைக் காட்ட முடியாதல்லவா. மானஸாவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து, அவளுடைய ஸ்கூல் பைண்டரை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

போன வாரம் இங்கே ஆலங்கட்டி மழை. கூரையைப் பார்க்க ஆள் வந்தான், பார்த்தான், போனான், இன்னும் பதிலில்லை. பின்பக்க வேலி பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதற்கு நம் குடியிருப்புச் சங்கம் எச்.ஓ.ஏ.விலிருந்து ஒரு நோட்டீஸ். வாசலில் ஒட்டியிருந்ததை நான் பார்க்கும் முன்பே தெருவே பார்த்திருக்கும். எனக்கு இப்போதெல்லாம் ஒரு வேலையும் முழுதாக முடிவதில்லை. துணியை மடிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கிறேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை.

கஸ்தூரிரங்கன் அங்கிள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டம் நிற்கவில்லை. காசு கிடையாது, வெறும் பிளாஸ்டிக் வில்லைச் சிப்ஸ்தான். சிப்ஸ் தீர்ந்தவர் எழுந்துபோய் எல்லாருக்கும் காபி போடவேண்டும் என்ற பழைய சட்டமும் அப்படியே. நீ போனபிறகு மாறியது ஒன்றுதான். அங்கிளுக்கு லிமிட் அலுத்துவிட்டதாம். அதே ஒமாஹா ஹை-லோ, ஆனால் இனி பாட் லிமிட் என்று அறிவித்துவிட்டார். முன்பு ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் வைக்கலாம் என்று அளவு இருந்தது. இப்போது நடுவில் எவ்வளவு குவிந்திருக்கிறதோ அவ்வளவையும் ஒருவர் ஒரே மூச்சில் பந்தயம் வைக்கலாம். சீட்டு அதே சீட்டுதானே, என்ன வந்துவிடப்போகிறது என்று நானும் உட்கார்ந்தேன்.

நீ சொல்லிக்கொடுத்ததுதான் என் மண்டையில் இருந்தது. கையில் ஏஸும் இரண்டும் வந்தால் எழுந்திருக்காதே. லிமிட்டில் அது சரிதான். மானஸாவுக்கு ஒருநாள் இந்த ஆட்டத்தை விளக்கினேன். ஆளுக்கு நாலு சீட்டு, நடுவில் ஐந்து. கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று எடுக்கவேண்டும். குவியலில் பாதி பெரிய கைக்கு, பாதி எட்டைத் தாண்டாத சின்னக் கைக்கு. சின்னக் கைக்கு ஏஸ்-இரண்டுதான் ராஜா. ஆனால் அதே ஜோடி இன்னொருவரிடமும் இருந்தால் அந்தப் பாதியையும் இரண்டாக வெட்டவேண்டும் என்றேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தட்ஸ் நாட் வின்னிங், அம்மா" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அது புரிய, மேஜையில் எதிரே உட்காரும் வெங்கடகிருஷ்ணன் தேவைப்பட்டார். நடுவில் நாலு, ஏழு, எட்டு, ஒரு ராணி. என்னிடம் ஏஸ், இரண்டு, கூடவே எதற்கும் உதவாத ஒரு கிங், ஒரு ஒன்பது. மனுஷன் குவியல் அளவுக்குப் பந்தயம் வைத்தார். சின்னப் பாதி எனக்குத்தான் என்று ஈடு கொடுத்தேன். கடைசிச் சீட்டு கிங். மறுபடியும் குவியல் அளவு. என்னிடம் இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினேன். அவர் திருப்பினால் ஏஸ், இரண்டு, ஐந்து, ஆறு. பெரிய கை முழுக்க அவருக்கு. சின்னக் கையில் எனக்குச் சமமாக அவரும். நான் தள்ளியதில் ஏறக்குறைய பாதிதான் திரும்பியது. அடுத்த ரவுண்டிலேயே மிச்சமும் போய், காபி போட எழுந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அது வேறு.

யோசித்துப் பார்த்தால் நம் மேஜையின் மரியாதைப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. அங்கிள் கடைசியில் பந்தயம் வைத்தால், தோற்போம் என்று தெரிந்தாலும் ஒரு சிப் போட்டு அவர் சீட்டைப் பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? பெரியவரை ஒற்றையாக விட்டுவிட்டு எழக்கூடாது என்று. லிமிட்டில் அந்த மரியாதைக்கு விலை குறைவு. பாட் லிமிட்டில் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகிறது. பாதிக்காகப் போகிறவர் நடுவில் முதல் மூன்று சீட்டு விழும்போதே விலகிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஜெயிக்க வழியிருந்தால் மட்டும் போகவேண்டும். அப்படிப் போனால் முழு மனசோடு போகவேண்டும்.

போன ஞாயிறு மறுபடியும் ஏஸும் இரண்டும் வந்தன. துணைக்கு ஒன்றும் இல்லை. அங்கிள் பெரிதாக வைத்தார். சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். அங்கிள் முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா வான்மதி, எங்களோட ஆடப் பிடிக்கலையா?" என்றார். இல்லை அங்கிள், இப்படி ஆடத்தான் பிடிக்கவில்லை என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

சீட்டைப் பற்றி மட்டும்தான் எழுத உட்கார்ந்தேன், மூர்த்தி. முடியவில்லை.

போன வருஷம் பொங்கல் முடிந்து, மூன்று மாதம் பார்க்கிறேன் என்று கலிபோர்னியாவுக்கு, பிளசன்டன் போனாய். பிறகு இன்னும் மூன்று மாதம். பிறகு கம்பெனிக்கு ஃபண்டிங் வரட்டும் என்றாய். இப்போது அங்கே வீட்டு லீஸை இன்னொரு ஆறு மாதம் நீட்டிவிட்டதாகக் கேஸ் பில்லைப் பற்றிச் சொல்லும் குரலில் சொல்கிறாய். ஒவ்வொரு முறையும் சின்னதாகத்தான் கேட்கிறாய், நானும் சரி என்கிறேன். சண்டை போடக்கூடாது, நீ அங்கே தனியாகக் கஷ்டப்படுகிறாய் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். போன வாரம் மானஸா, அப்பா நம்மைப் பார்க்க மறுபடி எப்போது விசிட் வருவார் என்று கேட்டாள். விசிட் என்றுதான் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

இன்னொன்று. என்னை இங்கே ஆபீஸில் மேனேஜராகப் போடட்டுமா என்று கேட்டிருந்தார்கள். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "சூப்பர், எடுத்துக்கோ" என்பாய் என்று பயந்தேன். அதை எடுத்துக்கொண்டால் நான் ரவுண்ட் ராக்கை விட்டு அசைய முடியாது. நேற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கலிபோர்னியாவில் எனக்கு இன்னும் வேலை கிடையாது, தேடவேண்டும். சொல்லிவிட்டு வந்து, காரை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் சொன்னதை மாற்றப்போவதில்லை.

மானஸாவுக்கு இந்த வருஷம் ஸ்கூல் முடிந்ததும் நானும் அவளும் அங்கே வருகிறோம். விடுமுறைக்கு அல்ல, இருக்க. வீட்டை வாடகைக்கு விட ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

நீ எங்களை வேண்டாம் என்கிறாயா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. தனியாக இருப்பது உனக்குப் பிடித்துப்போயிருந்தால் அதையும் சொல்லிவிடு. அழுவேன், ஆனால் தாங்கிக்கொள்வேன். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே. அதை இனி என்னால் தாங்க முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணாடியை மாற்று, ஸ்கிரீனை முகத்தருகே வைத்துக்கொண்டு படிக்கிறாய். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும், அதைத்தான் சாமியிடம் கேட்கிறேன்.

வீடியோ காலில் உன் சாப்பாட்டு மேஜை தெரிகிறது. அதன் முன்னால் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. இன்னும் இரண்டு வாங்கிப் போடு, மூர்த்தி. வாங்கியதும் வேறொன்றும் எழுதவேண்டாம், ஒரு போட்டோ மட்டும் அனுப்பு.

உன்
வான்மதி