சவேரி அண்ணன் வாசலைத் தாண்டிப் போன மாதா

மதினி,

இன்று சாயங்காலம் மாதா சுரூபத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் கழுத்தில் கிடந்த மல்லிகையின் வாசம் கூடத்துக்குள் நுழைந்ததுமே உங்கள் நினைவு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. செபமாலை மாதத்தில் மாதா வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவு தங்குவது நம் தெரு வழக்கம். வரிசைப்படி எனக்கு முந்தைய வீடு சவேரி அண்ணனுடையது. அவர் வாசலைத் தாண்டித்தான் நம் தெருச் செபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

"என்னம்மா, அண்ணன் வீட்ட விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"அங்கன எப்படி டீச்சர் வைக்கிறது?" என்றாள் அன்பியத் தலைவி. "படுத்த படுக்கையா கெடக்காரு. ஒரே நாத்தம். மாதாவுக்கு மரியாதையா இருக்குமா?"

போன வருடம் இதே சாக்கைத்தானே உங்களிடமும் சொன்னார்கள்? நீங்கள் சுரூபத்தைப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு, "மாட்டுக் கொட்டில்ல பிள்ள பெத்தவ. இந்த நாத்தம் அவளுக்குப் புதுசா?" என்று கேட்டபடி அவர் வீட்டுக்கு நடந்துவிட்டீர்கள். சண்டை போடவில்லை. எனக்குத்தான் அன்றைக்கும் நாக்குத் துறுதுறுத்தது.

மாதா போவது வருடத்துக்கு ஒருமுறை. நீங்கள் போனது தினமும். இறால் கம்பெனியில் நின்று வீங்கிய காலோடு நேரே அங்கே போவீர்கள். அவர் படகில் விழுந்து இடுப்பொடிந்தவர்; மனைவி இல்லை, மகன் கடலுக்குப் போகிறவன். உங்களுக்கு அவர் உறவும் இல்லை. நன்றியாவது சொன்னாரா?

"வந்துட்டியா செபமாலக்காரி! இன்னைக்கும் என்னைய மோட்சத்துக்கு ஏத்தாம விடமாட்டியோ?"

"ஏத்துறது என் வேல இல்லண்ணே. திரும்பிப் படுங்க, முதுகத் தொடைக்கணும்."

என் வகுப்பில் மழையிலும் நனைந்துகொண்டு தினமும் வரும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. ஆண்டுவிழாவில் ஒரு பாட்டுக்கு ஆடிய பிள்ளைக்குத்தான் கைதட்டல் எல்லாம். நம் ஊர் உங்களுக்கும் அதைத்தான் செய்தது: நீங்கள் தினமும் நடந்ததைக் கண்டுகொள்ளவில்லை, இறந்த பிறகுதான் கொண்டாடியது. மதுரையில் மகள் வீட்டிலிருந்து நான் நேற்றுத்தான் திரும்பினேன். உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு வைத்த ஃப்ளெக்ஸ் இன்னும் தெருவில் இருக்கிறது. 'விசுவாசச் சுடர்' என்று பெரிய எழுத்து. அதைக் கட்டியிருப்பது எங்கே தெரியுமா? சவேரி அண்ணன் வீட்டு வேலியில்! கயிறு கட்ட வந்தவர்களில் ஒருவருக்காவது உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே.

இன்று என் வீட்டில் வைத்த சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

"டீச்சர், வரிச கொழம்பிரும்!"

"கொழப்புனது நீங்கதான்."

அவர் வீட்டுக்குள் விளக்குப் போட ஆளில்லை. ஸ்விட்சைத் தடவிப் போட்டேன்.

"யாரு, டீச்சரம்மாவா? பாடம் நடத்த வந்தீகளாக்கும்?" என்றார். பிறகு என் கையிலிருந்த மாதாவைப் பார்த்தார். கேலி நின்றுவிட்டது.

"அவ போனதுக்குப் பெறகு யாரும் வரல," என்றார். "முதுகு எரியுது டீச்சர்."

புரட்டிப் பார்த்தேன். உங்கள் கை பட்டு ஆறிக்கொண்டிருந்த படுக்கைப்புண் மறுபடி வாய்திறந்து கிடந்தது. உங்களைப் புகழ்ந்து பேசிய வாயெல்லாம் என் கண்முன் வந்தன. தலைவி வாசற்படியோடு நின்றிருந்தாள்.

"அங்கேயே நின்னு பாட்டுப் பாடுனது போதும். ஒங்க வீட்டு அடுப்புல வெந்நி வச்சுக் கொண்டா," என்றேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கொண்டுவந்தாள். ஆனாலும் கொண்டுவந்தாள்.

புண்ணைத் துடைத்து மருந்து வைக்கும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தேன். உங்களைப் போலச் சிரித்த முகமாக எனக்கு வரவில்லை மதினி. இனி வருமென்றும் தோன்றவில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வீட்டுக்குப் போகும் வழி மட்டும்தான். நாளைக்கும் இதே கோபத்தோடு அங்கே போவேன். அந்தத் தலைவியையும் கூட்டிக்கொண்டு.