மல்லியைத் தொடாத மூன்று நாள்

ஜூலை 6, ஞாயிறு
அம்மா வீட்டு மல்லியில் ஐந்து குச்சி வெட்டிக்கொண்டு வந்தேன். வாட்டர் பாட்டில்களைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மணல் நிரப்பி நட்டாயிற்று. இந்த மலைக் குளிருக்கு வேர் விடுமா?

ஜூலை 15
நாள் தள்ளிப்போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடமும். போன இரண்டு தடவையும் உடனே சொன்னோம். வாழ்த்த வந்தவர்களே பிறகு துக்கம் விசாரிக்கவும் வந்தார்கள். இந்தத் தடவை இதயத் துடிப்பைக் கேட்கிற வரைக்கும் வாய் திறக்கமாட்டேன்.

ஜூலை 17
ஒன்றை மறந்துவிட்டேன். வீட்டுக்குத் தூரமானால் மல்லியைத் தொடக்கூடாது, வாடிவிடும் என்பார் அத்தை. அந்த மூன்று நாளும் அவர்தான் தண்ணீர் ஊற்றுவார். நான் விடாமல் ஊற்றினால், மாமியாராயிற்றே, அவருக்குத் தெரியாமலா போகும்?
தூரம் என்று பொய் சொல்லி ஒதுங்கிவிட்டேன். இல்லாததைச் சொல்லிவிட்டேனே — பலித்துவிட்டால்?

ஜூலை 18
அத்தை சொம்பு சொம்பாக ஊற்றுகிறார். மணல் சொதசொதவென்று கிடக்கிறது. அழுகிப்போயிடுமே, நான் இன்னா பண்ணுவேன்?

ஜூலை 19
அத்தை மாட்டுக் கொட்டகைக்குப் போனதும் ஓடிப் பார்த்தேன். இரண்டு குச்சி அழுகல். மற்ற மூன்றையும் காய்ந்த மணலுக்கு மாற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் வந்து உட்கார்ந்தேன்.

ஜூலை 27
துளிர். "பொழச்சிக்கிச்சு" என்று அவர் போட்டோ எடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குச்சியில் மிச்சமிருக்கும் சத்திலேயே துளிர் வரும். வேர் இல்லாவிட்டால் கருகிவிடும். துளிரை நம்பி ஏமாந்தவள் நான்.

ஆகஸ்ட் 9
ஒரு பாட்டிலின் ஓரத்தில் வெள்ளையாக, நூல்போல — வேர்! மற்ற இரண்டையும் பிடுங்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. கூடாது.

ஆகஸ்ட் 13
அடுத்த தூரத்துக்கு நாள் நெருங்குகிறது. இன்னொரு பொய் என்னால் முடியாது. தொட்டி வாங்கணும் என்று சொல்லிப் போளூருக்குப் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.
ஸ்கேனில் துடிப்பைக் கேட்டேன். கேட்டுவிட்டேன்.
அழுத அழுகையில் தொட்டியை மறந்து, பஸ் ஸ்டாண்டு வரை வந்து, திரும்பப் போய் வாங்கினேன்.
ராத்திரி அவரிடம் மட்டும் சொன்னேன். என் கையை விடவே இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
மூன்றுமே வேர் பிடித்திருக்கின்றன. தொட்டிக்கு மாற்றினேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மண் தள்ளிக் கொடுத்தார். எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமலே கேட்டார்.
"ஏன் ஆனந்தி, போன மாசம் தூரம்னு ஒதுங்கி இருந்தியே, அப்ப நகத்துல இன்னா மண்ணு?"
சட்டென்று தொட்டியைத் தூக்கப் போனேன். அத்தை என் கையை விலக்கிவிட்டுத் தானே தூக்கிக்கொண்டார்.
"இந்த மாசம் ஒதுங்காத. தண்ணி நீயே ஊத்து. தொட்டிய மட்டும் தூக்காத."