லிமிட்டருக்குப் போட்ட முக்காடு

மர்கிலான்,
12 அக்டோபர் 1997

நிகோராவின் அப்பாவுக்கு,

வணக்கமும் அன்பும். எல்லோரும் சுகம். நிகோராவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நோவோசிபிர்ஸ்க்கில் பனி தொடங்கிவிட்டதாமே. கட்டட வேலையில் இரண்டு ஷிப்டு பார்க்கிறீர்கள் என்று ரயிலில் வந்தவர் சொன்னார். நீங்கள் எழுதவே இல்லை.

போன வாரம் சனிக்கிழமை நண்பகலில் பட்டுத்தறிக்காரர் வீட்டுக் கல்யாணம். நீங்கள் போனபின் மைக்செட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், உங்கள் தம்பி எர்கின் துணைக்கு வருகிறான். ஸ்பீக்கர் ஒன்று கிழிந்தாலும் மைக்செட்டை விற்றுவிட்டு என்னை அடுப்படியில் உட்காரச் சொல்வதாக மாமா சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போகிறேன்.

அன்று வெயிலில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி கொதித்தது. காற்றுப் படட்டும் என்று எர்கின் மூடியைக் கழற்றினான். உடனே பாடகரின் குரல் கிணற்றுக்குள் போனதுபோல் அமுங்கிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் வந்து, “பாட்டுக்காரருக்குத் தொண்டையில பிலாவு அடைச்சிருக்கா?” என்று கத்தினார். எர்கின் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு, “எல்லாம் அண்ணன் வச்ச லிமிட்டர் பண்ற வேலை அண்ணி. சத்தத்த அதுதான் முழுங்குது. வெட்டிடறேன்!” என்றான். தெருமுனையில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்துவிட்டது. கர்னாய் ஊதுகிற நாஸிர் மைக்கைப் பார்த்தால் சும்மா விடுவாரா? ஆளைவிட நீளமான அந்தக் கொம்பைக் கொண்டுவந்து நேரே மைக்கில் ஊதுவார். லிமிட்டர் இல்லாவிட்டால் ஸ்பீக்கர் அன்றோடு போச்சு.

எர்கினைத் தடுத்துவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். லிமிட்டரின் சின்ன பல்பு எரியவே இல்லை. நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது: ஸ்பீக்கருக்குப் போகும் ஓசையில் துளி கிள்ளி அந்த பல்புக்குக் கொடுக்கிறோம், ஓசை அளவு மீறினால்தான் அது எரியும், எதிரே இருக்கும், ஒளியை உணரும் பொட்டுக்கண்ணில் வெளிச்சம் பட்டதும் உள்ளே வரும் ஓசையில் ஒரு பங்கை அது எர்த் கம்பிக்குத் திருப்பிவிடும். பல்பு எரியவில்லை, ஆனாலும் ஓசை குறைகிறது. அப்படியானால் கண்ணில் பட்டது யார் வெளிச்சம்? தலைக்கு மேலே வெயில்! மூடிதான் அதற்கு இருட்டறை என்பதை இரண்டு பேருமே மறந்திருக்கிறோம்.

மூடியைத் தேட நேரமில்லை. என் முக்காட்டை உருவிப் பெட்டியின்மேல் போர்த்தினேன். பாட்டு பழையபடி எழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வெறுந்தலையோடு நின்றேன். யார் என்ன பேசினார்களோ, காதில் ஏறவில்லை.

நாஸிர் ஊதினார். முக்காட்டுக்குள் பல்பு பளிச்சென்றது. ஓசை உயர்ந்து, ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஸ்பீக்கர் ஒரு முனகல்கூட முனகவில்லை. அவர் வாயை எடுத்ததும் பல்பு மெல்ல அணைய, பாடகரின் குரல் மெல்லத் திரும்பி வந்தது. அழுதுவிட்டேன். இத்தனை சின்னப் பொருளுக்குள் இவ்வளவு நிதானத்தை வைக்க எப்படித்தான் உங்களுக்குத் தோன்றியது! “அண்ணன் சாதாரண ஆளில்ல அண்ணி” என்று எர்கினே சொன்னான். மாமா அன்றிலிருந்து விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

ஒன்றுதான் குறை. பல்பின் கண்ணாடி கறுத்துவிட்டது. அதிக நாள் தாங்காது. சந்தையில் இதே மாதிரி கிடைக்கும், வாங்கி வருகிறேன் என்கிறான் எர்கின். இங்கே எங்கும் கிடைக்காது, அவர் வந்துதான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்டு எழுதினால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ளுங்கள். இறைவன் உங்களை நல்லபடி வைக்கட்டும்.

உங்கள்
சலோமத்