படகு கரை சேர்ந்தால்

ஆகஸ்ட் 4, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதி வைக்கும் அளவுக்கு என் நாளில் ஒன்றும் நடப்பதில்லை. எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் யாரும் எதையும் எழுதியதில்லை. நான் ஒருத்தி பட்டம் வாங்கிவிட்டேன் என்பதற்காக என்னைப் பற்றி நானே எழுதுவது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுநாள் காலை வரை நான் வாய் திறப்பதில்லை. இன்று கடையில் பால் கேட்டபோது என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

ஜூனில் ஜெகதாப்பட்டினம் வந்தேன். ஓர் அறக்கட்டளை மூலம் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கோடிங் சொல்லித்தரும் வேலை. செலின் அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை. கீழே அக்கா, விசைப்படகில் கடலுக்குப் போகும் இன்னாசி அண்ணன், அவர்கள் மகள் ஷர்லி. ஷர்லி என் வகுப்பில்தான் படிக்கிறாள்.

வந்த அன்று அக்கா படிக்கட்டில் நின்று, "சாப்ட்டீங்களா டீச்சர்? மீன் கொழம்பு இருக்கு, வாங்க" என்றார். நல்ல பசி. ஆனாலும் "சாப்ட்டேன்க்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தினமும் குழம்பு கொதிக்கிற வாசனை மேலே வரும். தட்டு வைக்கிற சத்தம். அண்ணன் ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரிக்கிற சத்தம். நான் பிரெட்டைப் பாலில் நனைத்துத் தின்கிறேன்.

அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று இஃப், எல்ஸ். இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய். கம்ப்யூட்டருக்கு ஊகிக்கத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும் என்றேன். மழை பெய்தால் குடை, இல்லையென்றால் தொப்பி என்று தொடங்கினோம். "மிஸ் வந்தா கிளாஸ், இல்லன்னா கிரவுண்டு" என்றான் ஜெரால்டு. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அந்தத் தைரியத்தில், ஊருக்குப் பொருத்தமாக ஒன்று கேட்போமே என்று கேட்டேன். "படகு கரைக்கு வந்தால் வீட்டு விளக்கு எரியட்டும். இல்லையென்றால்?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். புரியவில்லை போலிருக்கிறது என்று பலகையில் முழுதாக எழுதினேன்: படகு கரைக்கு வரவில்லை என்றால்.

"மிஸ், அதச் சொல்லக் கூடாது" என்றான் ஜெரால்டு, மெதுவாக.

"ஏன்?"

"எங்க வீட்ல யாரும் சொல்ல மாட்டாங்க."

ஷர்லி எழுந்து வந்தாள். உள்ளங்கையால் பலகையை அழித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். இன்னாசி அண்ணன் இன்று காலைதான் கடலுக்குப் போயிருக்கிறார்.

விவசாயம் பார்க்கும் எங்கள் கறம்பக்குடிப் பக்கம் 'மழ பேயலேன்னா' என்று சொல்லாமல் ஒரு பேச்சும் முடியாது. இங்கே அப்படியில்லை என்று எனக்கு யார் சொல்வார்கள்? நான் யாரோடு பேசியிருக்கிறேன்?

ஆகஸ்ட் 7, வியாழன்

எல்லை தாண்டியதாக இரண்டு படகுகளை இலங்கைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றில் இன்னாசி அண்ணன்.

நான் சொன்னதாலயா? சும்மா ஒரு உதாரணம்தானே — சொல்லாம இருந்திருக்கலாம்ல. எழுதாமலாச்சும் இருந்திருக்கலாம்ல.

ஆகஸ்ட் 9, சனி

குழாயடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் யாரையும் பார்க்காமல், "வெளியூர்க்காரவுகளுக்கு என்ன, வாய்க்கு வந்தத எழுதிப்புட்டு பஸ் ஏறிப் போயிருவாக" என்றார்.

செலின் அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "படிச்ச புள்ளதான. ஒலகத்துல ஒனக்கு வேற வார்த்தையே கெடைக்கலயா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. பாதிக் குடத்தோடு மாடிக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஷர்லி பள்ளிக்கு வருகிறாள். என் வகுப்புக்கு மட்டும் வருவதில்லை.

கீழே குழம்பு வாசனை இல்லை. தட்டுச் சத்தம் இல்லை. ஷர்லி கடையில் பன் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

அம்மா போனில், "அங்கிட்டு எல்லாம் சவுரியந்தானத்தா?"

"சவுரியம்மா."

ஆகஸ்ட் 16, சனி

கீழே போய்க் கதவைத் தட்டினேன். ஒரே ஒரு தடவை. உள்ளே ஆள் இருந்தது தெரிந்தது. யாரும் திறக்கவில்லை. ஏறி வந்துவிட்டேன்.

வேறு ஊர் கொடுங்கள் என்று அறக்கட்டளைக்கு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வகுப்பு முடிந்து லேப்டாப்புகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஷர்லி.

"மிஸ், ஒண்ணு மட்டும் பூட்டாதீங்க."

திறந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் நீலக் கடல், ஒரு படகு, கரையில் ஒரு வீடு. படகு கரையைத் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். எல்ஸ் போடவில்லை.

"படகு வந்துருது மிஸ். வெளக்குதான் எரிய மாட்டேங்குது."

பார்த்ததும் தெரிந்தது. புதிதாகக் கற்கும் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தவறுதான். தொடங்கியவுடன் 'படகு தொட்டதா' என்று ஒரே ஒரு தடவை கேட்கிறது. அந்த நேரம் படகு நடுக்கடலில். இல்லை என்று தெரிந்ததும் கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது. பிறகு படகு வந்து நின்றாலும் கவனிக்க ஆளில்லை.

"இஃப்பைத் தூக்கி 'எப்போதும்' கட்டத்துக்குள்ள வை."

வைத்தாள். படகு வந்தது. விளக்கு எரிந்தது.

"அப்ப கேட்டுக்கிட்டே இருக்குமா மிஸ்?"

"நாம நிறுத்துற வரைக்கும்."

"அலுக்காதா அதுக்கு?"

"அலுக்காது."

"எல்ஸ் வேணாம்ல?"

"வேணாம்டா."

அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்.

இன்னும் மூன்று முறை படகைக் கரைக்கு வரவைத்தாள். போகும்போது திரும்பிப் பார்க்காமலே, "அம்மா சமைக்கிறதே இல்ல மிஸ். ரெண்டு பேருக்கு எதுக்கு ஒலைங்குது" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அண்ணனுக்குக் காவலை நீட்டித்துவிட்டார்களாம். அடுத்த விசாரணை செப்டம்பரில்.

சாயங்காலம் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். மறுபடியும். செலின் அக்கா திறந்தார். முகம் வீங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்கக்கா."

"நீ எழுதித்தான் கடல்ல புடிச்சானாக்கும்? எனக்குத் தெரியாதா? யாரு மேலயாச்சும் கோவப்படணும்ல. நீதான் கைக்கெட்டுற தூரத்துல இருந்த."

உட்காரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. வந்த முதல் நாளிலிருந்து கேட்க நினைத்திருப்பதைக் கேட்காமலே மேலே வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் அந்த மெயிலை அழித்தேன்.

சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் வந்த பிறகு கீழே இறங்கினேன். அடுப்பு துடைத்து வைத்தபடியே கிடந்தது. ஷர்லி தரையில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து, தொலைபேசியை மடியில் வைத்திருந்தார். நான் வாசலில் நின்றேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன டீச்சர்?" என்றார் அக்கா.

"பசிக்குதுக்கா. இன்னைக்கு மூணு பேருக்கு ஒல வைங்க, நானும் ஒங்ககூடச் சாப்பிடுறேன். அண்ணன் வந்ததும் நாலு பேருக்கு வச்சுக்குவம்."